திரும்பிப் பார்த்தால் முதலிலிருந்து

எங்கள் அப்பா எதற்குமே என்னிடம் வேண்டாம் என்று சொன்னதில்லை. தாராவியில் எங்கள் சந்து முழுக்க அவருக்கு அந்தப் பெயர்தான். "மக கேட்டு ஒரு சொல்லு மறுத்ததில்ல" என்று திருநெல்வேலிப் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் சொல்வார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வேண்டாம் என்று வாய் திறந்து சொல்கிற அப்பாவாக இருந்திருந்தால் முட்டி மோதிச் சண்டை போட்டிருப்பேன். இவரிடம் சண்டைக்கு ஒரு பிடி கிடைக்காது. இவர் செய்ததெல்லாம் ஒன்றுதான். நான் கிளம்பும்போது பின்னாலிருந்து கூப்பிடுவார்.

கீழே தோல் பை தைக்கும் கார்கானா, மேலே எங்கள் வீடு. இரண்டுக்கும் நடுவில் செங்குத்தான ஓர் இரும்பு ஏணி. வீட்டிலிருந்து வெளியே போக வேண்டுமென்றால் ஏணியில் இறங்கி, கார்கானாவுக்குள் அப்பாவின் மேஜையைத் தாண்டித்தான் போகவேண்டும். வேறு வழி கிடையாது. பைக்கு உள்துணி ஒட்டுவது என் வேலை. பத்தாவது முடித்ததிலிருந்து அதைத்தான் செய்தேன். ஒட்டுகிற பசையான சொலூஷன் டப்பாவைத் திறந்தால் ஒரு நெடி வரும். அது விரலில் ஏறிவிட்டால் எந்தச் சோப்புக்கும் போகாது. சாப்பிடும்போது சோற்றிலும் அந்த வாசம்தான். வெளியாளை வைத்தால் கூலி கொடுக்கவேண்டும். நான் மகள்.

கம்ப்யூட்டர் வகுப்புக்கு என்னை அனுப்பியதும் அவர்தான். எண்பதுகளின் பாதியில் அந்தச் சொல்லுக்கே ஒரு மவுசு வந்திருந்தது. "கம்ப்யூட்டர் படிச்ச பிள்ளைன்னா மாப்ள வீட்டுல ஒரு எடுப்பா இருக்கும்" என்று தரகர் சொல்லிவிட்டார், அவ்வளவுதான். படிக்கலாம். படித்ததை வைத்து வேலைக்குப் போகலாம் என்று யாரும் சொல்லவில்லை. நான்தான் நினைத்துக்கொண்டேன்.

வகுப்பு மாட்டுங்காவில், வாழையிலையும் வெற்றிலையும் விற்கிற கடைக்கு மேல் மாடியில். ஏ.சி. போட்ட அறை. செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். சாமி இருக்கிற இடம் மாதிரி நாங்களும் பயந்து பயந்துதான் போவோம். என் கை வாசத்துக்குப் பக்கத்து நாற்காலிக்காரி கொஞ்சம் தள்ளி உட்காருவாள். சொல்லிக்கொடுத்த சார் மாட்டுங்காக்காரர். இரண்டு தலைமுறையாக ஆபீஸ் வேலை பார்க்கிற குடும்பம். அவர் ஒருவர்தான் மூக்கைச் சுளிக்காமல் என் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தார். அதற்காகவே அவர் சொன்னதை எல்லாம் கவனமாகக் கற்றுக்கொண்டேன்.

அவர் ஒரு விளையாட்டு எழுதி வைத்திருந்தார். வகுப்பு முடிந்ததும் மெஷினை அணைப்பதற்கு முன்னால் கொஞ்ச நேரம் எங்களை ஆட விடுவார். வீடியோ பார்லரில் காசு போட்டுச் சுடுகிற ஆட்டம் மாதிரி இல்லை. படம் கிடையாது, வண்ணம் கிடையாது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்துக்கள் மட்டும்தான். கோடுகளும் புள்ளிகளும் அறை, நடை, சுவர். பில்லில் விலைக்கு முன்னால் போடுவோமே, 'அட் த ரேட்', அந்தக் குறிதான் நாம். D என்றால் நாய்.

"இது கீழ் உலகம். நம்ம எமலோகம் மாதிரின்னு வெச்சுக்கோ. ஆனா கிரேக்கர்களோடது" என்றார் சார். "நீ அடி மட்டத்துல இருக்கே. ஒவ்வொரு தளமா ஏறி வெளில வந்துடணும்."

"செத்துட்டா சார்?"

"மறுபடி அடியிலேர்ந்து. போன தடவை போன வழி இந்தத் தடவை இருக்காது. ஒவ்வொரு வாட்டியும் மெஷின் புதுசா வழி போடும். மனப்பாடம் பண்ணியெல்லாம் இதை ஜெயிக்க முடியாது."

"இது என்ன சார் அநியாயம்?"

"அதான்மா ஆட்டமே" என்று சிரித்தார்.

எங்கள் எமனுக்கு எருமை, அவர்களுடைய ஆளுக்கு மூன்று தலை நாய். வாசலில் ஓர் ஆறு. ஓடக்காரனுக்குக் காசு கொடுத்தால்தான் அக்கரை. இதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. நாங்களும்தான் செத்தவர் நெற்றியில் காசு ஒட்டி அனுப்புகிறோம். தளத்துக்குத் தளம் மாதுளம் முத்து கிடக்கும். தின்றால் உடம்பில் தெம்பு ஏறும், ஆனால் ஏறவேண்டிய தளமும் ஒன்று கூடிவிடும். அந்த உலகத்துச் சாப்பாட்டில் ஒரு பருக்கை வாயில் போட்டாலும் அங்கேதான் இருக்கவேண்டும், அது அவர்கள் புராணம் என்றார் சார். எங்கள் வீட்டிலும் அதே புராணம்தான். "எஞ்சோத்தத் தின்னுட்டு" என்று ஆரம்பித்தால் அப்பா லேசில் நிறுத்தமாட்டார்.

நான் அந்த ஆட்டத்தில் கெட்டிக்காரி ஆகிவிட்டேன். நாயை எந்த மூலைக்கு இழுத்துவிட்டு ஓடவேண்டும், எப்போது முத்தைத் தொடாமல் பசியோடு நடக்கவேண்டும் என்பதெல்லாம் பிடிபட்டது. எல்லோருக்கும் முன்னால் கடைசித் தளத்தைத் தொட்டவள் நான்தான். அங்கேதான் தோற்றேன். ஒரு தடவை இல்லை, அங்கே போன ஒவ்வொரு தடவையும்.

கடைசித் தளத்தில் நேரான ஒரு நடை மட்டும்தான். எதிரி யாரும் கிடையாது. பாதி தூரம் போனதும் மெஷின் இரண்டு முறை பீப் என்று கத்தும். கீழே ஒரு வரி வரும். பின்னாலிருந்து உன்னை யாரோ கூப்பிடுகிறார்கள், திரும்புகிறாயா? Y அல்லது N. நான் Y அழுத்துவேன். உடனே திரை சுத்தமாக அழிந்து, அடி மட்டத்தில் புதிதாக ஓர் அறை, நடுவில் நான்.

சார் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்மா, தெரிஞ்சே ஏன் அதை அழுத்தறே?"

"கூப்பிட்டா நிக்கணும்லா சார்."

"யார் சொன்னா?"

யார் சொல்லவேண்டும்? கிளம்புகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடக்கூடாது. எங்கே போகிறாய் என்று கேட்கக்கூடாது. கூப்பிட்டுவிட்டால் அதன் பிறகு அந்தப் பயணம் உருப்படாது. அப்படியே நின்று, திரும்பி வீட்டுக்குள் வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, புதிதாகக் கிளம்பவேண்டும். பேச்சு வந்த நாளிலிருந்து பழக்கம். அடுத்த நாற்காலிகளில் இருந்த குஜராத்திப் பையன்கள் அந்த இடத்துக்கு வந்தால் யோசிக்காமல் N அழுத்திவிட்டுப் போவார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கு நாயைத்தான் தாண்டத் தெரியவில்லை.

"அவா கதையில ஒரு பாட்டுக்காரன்" என்றார் சார். "பொண்டாட்டி செத்துப்போயிடறா. கீழ போய்ப் பாடி, அவளைக் கேட்டு வாங்கிண்டு வரான். ஒரே ஒரு நிபந்தனை. வெளில வர்ற வரைக்கும் திரும்பிப் பார்க்கப்படாது. வாசல் கிட்ட வந்து திரும்பிட்டான். போச்சு." பிறகு என்னைப் பார்த்து, "நீயும் அவனும் ஒண்ணு" என்றார். எனக்கு அந்தக் கதை பிடிக்கவில்லை. அந்தப் பாட்டுக்காரன் ஆசையில் திரும்பினான். நான் பழக்கத்தில் திரும்பினேன்.

அந்தச் சமயத்தில்தான் முதல் வேலைக்கு அழைப்பு வந்தது. கோட்டைப் பக்கம் ஓர் ஆபீஸ், டேட்டா என்ட்ரி, டைப்பிங் வேகம் பார்ப்பார்கள். அப்பாவிடம் சொன்னேன். "போயிட்டு வா" என்றார். நல்ல புடவை கட்டி, கையை எலுமிச்சைத் தோலால் தேய்த்துக் கழுவி, ஏணியில் இறங்கி, அவர் மேஜையைத் தாண்டி, வாசலையும் தாண்டிவிட்டேன்.

"ஏட்டி, எங்க போற?"

எங்கே போகிறேன் என்று அவருக்குத் தெரியும். காலையில் காப்பி குடிக்கும்போதுகூடச் சொல்லியிருந்தேன். நின்றுவிட்டேன். அம்மா மேலிருந்து ஏணி வழியாக எட்டிப் பார்த்துக் கையைப் பிசைந்தாள். "அய்யோ, கூப்பிட்டுட்டாவளே. ஏறி வா, உக்காந்து தண்ணி குடிச்சிட்டுப் போ." ஏறினேன், உட்கார்ந்தேன், குடித்தேன், இறங்கினேன். சயான் ஸ்டேஷனில் வண்டி என் கண் முன்னால் போயிற்று. அடுத்த வண்டியில் ஏற முடியாத கூட்டம். ஆபீஸ் வாசலில் வாட்ச்மேன், "டைம் கதம், மேடம்" என்று கையை விரித்தான். வீட்டுக்கு வந்து சொன்னபோது அப்பாவுக்கு உண்மையாகவே வருத்தம் மாதிரிதான் இருந்தது. "நமக்குப் பிராப்தம் இல்ல" என்று சொல்லி, சொலூஷன் டப்பாவை என் பக்கம் நகர்த்தினார்.

அடுத்து தாதரில் ஒன்று. அன்றைக்கு, "ஏட்டி, குடை எடுத்தியா?" மழைக்காலமே இல்லை. திரும்பி வந்தேன், உட்கார்ந்தேன், குடித்தேன். போய்ச் சேரும்போது வேறொருத்தி என் நாற்காலியில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தாள். அப்போதும் நான் என் ராசியைத்தான் திட்டினேன். இப்போது நினைத்தால், எப்பேர்ப்பட்ட மண்டு நான் என்றிருக்கிறது.

கண் திறந்தது ஒரு சாதாரண நாளில். அப்பா தைத்த பைகளை மூட்டையாகக் கட்டி, வியாபாரியிடம் போடக் கிளம்பினார். சந்து முனை வரை போய்விட்டார். அம்மா அவருடைய சாப்பாட்டு டப்பாவை ஏணியடியில் பார்த்துவிட்டாள். வாய் தவறிக் கூப்பிட்டேவிட்டாள்.

"ஏங்க, டப்பாவ வச்சிட்டுப் போறீயளே!"

அவர் திரும்பி வந்தார். டப்பாவை வாங்கி மூட்டைக்குள் செருகினார்.

"உக்காந்து ஒரு வா தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றாள் அம்மா, குற்றம் செய்தவள் குரலில்.

"ஏவாரத்துக்குப் போறவன் உக்காந்துக்கிட்டு இருக்க முடியுமா? அதெல்லாம் பொட்டப்பிள்ளைக பாக்கது" என்று சொல்லிவிட்டு நடந்தார். அன்றைக்கு மூட்டை முழுதும் விற்றுவிட்டு, மல்லிகைப்பூவோடு வந்தார்.

நான் ஒட்டிக்கொண்டிருந்த துணியை அப்படியே வைத்துவிட்டு அவர் போன வழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த மனிதருக்கு அந்தப் பழக்கத்தில் நம்பிக்கை கிடையாது. எனக்கு இருக்கிறது என்பதுதான் அவருக்குத் தெரியும். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லிக் கெட்ட பெயர் வாங்காமல், கதவைச் சாத்தாமல், கையை ஓங்காமல், ஒரு கூப்பாட்டில் என்னை அந்த ஏணி மேல் ஏற்றி உட்காரவைத்தார். தண்ணீரையும் நானே குடித்தேன். இதற்கு அவர் என்னை அடித்திருக்கலாம்.

அன்று மாலை மாட்டுங்காவில் அந்த ஆட்டத்தைக் கேட்டு வாங்கி உட்கார்ந்தேன். முத்து ஒன்றுகூடத் தின்னவில்லை. பசியிலேயே ஏறினேன். கடைசி நடையில் மெஷின் பீப் என்றது. வரி வந்தது. என் விரல் Y மேல்தான் போயிற்று, அதை நம்பவே முடியாது. இடது கையால் வலது கையைப் பிடித்து நகர்த்தி N அழுத்தினேன். பிறகும் கூப்பிட்டது. மறுபடி N. மூன்றாவது தடவையும் கூப்பிட்டுவிட்டு மெஷின் வாயை மூடிக்கொண்டது. நடை முடிந்தது. திரை அழிந்து, இடது மூலையில் "Ok" என்று வந்தது. அடியில் ஒரு கோடு விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது. வேறொன்றும் இல்லை.

"என்ன சார் இது?"

சார் குனிந்து பார்த்துவிட்டுக் கொஞ்சம் அசடு வழிந்தார். "அதுக்கு மேல எழுதலைம்மா. யாரும் இவ்வளவு தூரம் வரமாட்டான்னு நினைச்சேன்."

பரிசு கேட்கவில்லை நான். ஒரு வாசல், ஒரு வெளிச்சம், நாலு வார்த்தை எழுதியிருக்கலாம் அந்த மனிதர். வெளியே வந்தவளுக்கு அங்கே என்ன இருக்கும் என்று அவருக்கும் தோன்றவில்லை. ஆனால் அடுத்த வாரம் செம்பூரில் ஓர் ஆபீசுக்கு என் பெயரைச் சொல்லி அனுப்பியதும் அவர்தான். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அப்பாவிடம் சொன்னேன். வழக்கம்போல, "போயிட்டு வா" என்றார். இறங்கினேன். மேஜையைத் தாண்டினேன். வாசலைத் தாண்டினேன்.

"ஏட்டி, எங்க போற?"

சந்தில் சாக்கடை மேல் போட்டிருந்த பலகை என் காலடியில் ஆடியது. நடந்தேன்.

"ஏட்டி! ஒன்னத்தான்!"

முதுகுத்தோல் சுருங்கியது. அந்த உணர்வை என்னால் இன்றைக்கும் சொல்ல முடியவில்லை. கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. எதிர்வீட்டு அக்கா குழாயடியில் குடத்தோடு அப்படியே நின்றுவிட்டாள். "ஏய், அப்பா கூப்பிடுதாவல்லா, காது கேக்கலயா?" என்றாள். கேட்டது. அவளைப் பார்க்காமல் நடந்தேன். மூன்றாவது தடவை அவர் கூப்பிட்டது வெறும் ஒரு சத்தம். பெயரும் இல்லை, கேள்வியும் இல்லை. பெரிய ரோட்டுக்கு வந்து பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் மூச்சு வந்தது. வேலை கிடைத்தது.

மாலையில் வந்தபோது கார்கானாவில் எல்லோரும் கேட்கும்படி அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "கொள்ளி வச்சிட்டு வாறவன்தாம் திரும்பிப் பாக்காம வருவான். எனக்கு உசிரோட வச்சிட்டா ஒம்மக." அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவே இல்லை. ஒரு வார்த்தையும் இல்லை. சோறு வேண்டுமா என்றுகூட அம்மா மூலம்தான். மாதாமாதம் என் சம்பளத்தை மட்டும் அம்மா கையால் வாங்கிக்கொண்டார். அதை வாங்க மாட்டேன் என்று சொல்லியிருந்தாலாவது அந்த வைராக்கியத்தை மதித்திருப்பேன். ஆனால் இன்னொன்றும் நடந்தது. அதற்குப் பிறகு நான் தினமும் அந்த மேஜையைத் தாண்டிப் போனேன். ஒருநாளும் அவர் கூப்பிடவில்லை. எத்தனையோ நாள் வாசலில் என் நடை தானாகவே மெதுவானது. எதற்காக என்று கேட்டால் எனக்கே கோபம் வரும்.

பேசாமலேயே போய்விட்டார். மத்தியானம், மேஜை மேலேயே, தோல் வெட்டிக்கொண்டிருக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர்தான். எனக்கு ஆபீசுக்குப் போன் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தபோது ஏணியில் ஏற்ற முடியவில்லை. கார்கானாவிலேயே பைகளை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கிடத்தினார்கள். நெற்றியில் காசு ஒட்டினார்கள். நான் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை. இப்போதாவது இந்த வாய் ஏதாவது சொல்லுமா என்று அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னவாவது. திட்டாவது.

மறுநாள் காலையில் எடுத்தார்கள். கொள்ளி வைக்கப் பெரியப்பா மகன். பெண்கள் வாசலோடு நின்றோம். சந்து அவ்வளவு குறுகல், பாடையைக் கொஞ்சம் சாய்த்துத்தான் கொண்டுபோக முடிந்தது. அந்தப் பலகையைத் தாண்டினார்கள். குழாயடியைத் தாண்டினார்கள். முனை திரும்பப் போகிறார்கள். அப்போது என் வயிற்றுக்குள்ளிருந்து அது வந்தது. நான் யோசிக்கவே இல்லை.

"எப்பா! எங்க போறீய?"

சந்தே திரும்பிப் பார்த்தது. தூக்கிக்கொண்டு போனவர்களில் பின்னால் இருந்தவன் கால் ஒரு நொடி தயங்கியது. யாரோ அதட்டினார்கள். மறுபடி நடந்தார்கள்.

"எப்பா! ஒங்களத்தான்!"

என்னைச் சுற்றி நின்ற பெண்களெல்லாம் ஓவென்று கதறினார்கள். எதிர்வீட்டு அக்கா என்னைக் கட்டிக்கொண்டு, "பேசாத மனுசனுக்கு இந்தப் பிள்ள எப்படி உருகுதா பாருங்க" என்று மாரில் அடித்துக்கொண்டாள். ஒப்பாரி என்று நினைத்துக்கொண்டார்கள். ஒப்பாரி இல்லை. நான் அவரைப் பழி வாங்கிக்கொண்டிருந்தேன். கூப்பிட்டால் நிற்கவேண்டும், திரும்பி வரவேண்டும், உட்காரவேண்டும். வாரும், வந்து என் முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று ஒரு தடவை சொல்லிவிட்டுப் போம். பாடை முனை திரும்பிவிட்டது. கூப்பாடு அவரை என்றைக்கு நிறுத்தியது?

அம்மா மட்டும் கதறவில்லை. அவளுக்கு விளங்கிவிட்டது. கூட்டத்தை விலக்கி என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு வந்தாள். ஏணியடியில் உட்காரவைத்தாள். செம்பில் தண்ணீர் மொண்டு நீட்டினாள்.

"கேக்க வேண்டியதக் கேட்டுட்டேல்லா? குடி."

"எனக்கு வேண்டாம்" என்றேன்.

அவள் அந்தத் தண்ணீரை நின்ற வாக்கில் தானே குடித்தாள், கடைசிச் சொட்டு வரைக்கும்.

"என்னய ஒரு நாளும் அவிய பின்னால கூப்பிட்டதில்ல பிள்ள" என்றாள். "நா எங்க போனேன், கூப்பிட?"

வாசலில் தண்ணீர் விட்டுக் கழுவ ஆரம்பித்திருந்தார்கள். அம்மா செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அவர்களோடு சேர்ந்து கழுவப் போனாள்.